ஒரே செம்மண், மூணு கட்டி: கொறங்காட்டு மண் சோதனை

காங்கயம், மூலனூர் பக்கத்துச் செம்மண்ணில் மூன்று இடம். கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் நிற்கிற மேய்ச்சல் நிலமான கொறங்காடு ஒன்று. வேலிக்கு வெளியே வருசா வருசம் ரோட்டவேட்டர் ஓடுகிற மானாவாரிக் காடு. மூன்றாவது, போர்வெல் தண்ணி பாயும் தென்னந்தோப்பு. மண் ஒன்றுதான், புழங்கிய விதம்தான் வேறு.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். மேல் 5 செ.மீ. மண்ணிலிருந்து நெல்லிக்காய் அளவுக் கட்டிகள், இடத்துக்குப் பத்து. நிழலில் நாலு நாள் நன்றாகக் காயணும். முதல் சுற்று வீணானது இதில்தான்: அரை ஈரத்தோடு போட்டால் மூன்று மண்ணும் ஒரே மாதிரி நின்றுவிடும். காய்ந்த கட்டிக்குள் நாலாபுறமும் தண்ணீர் ஏறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நெருக்குண்டு வெடித்து வெளியே வருகிறது. அதைக் கட்டி தாங்குதா என்பதுதான் சோதனையே.

டீ வடிகட்டியில் வைத்துக் கண்ணாடி டம்ளரில் மெதுவாக இறக்கியதில், உழுத காட்டுக் கட்டி ஒரு நிமிசத்துக்குள் பொலபொலவென்று சரிந்தது. கொறங்காட்டுக் கட்டி பத்து நிமிசம் கழிந்தும் அப்படியே. பிட்டு லென்சில் பார்த்தால் முடி மாதிரிப் புல்வேர், அதில் பாசி கோத்தது போல மண் குருணை. வேர்ப்பூஞ்சாண இழை இதைவிட மெலிசு, லென்சுக்குச் சிக்காது. ரோட்டவேட்டர் கத்தி அறுப்பது இந்த வலையைத்தான். கட்டி உடைந்ததும் உள்ளே மறைந்திருந்த மக்கு நுண்ணுயிர்களுக்கு எட்டிவிடும். கார்பன் கரியமில வாயுவாகப் போய்ச் சேரும்.

தென்னந்தோப்புக் கட்டி உடையவில்லை, ஆனால் சுற்றிலும் பால் கலந்தது போலக் கலங்கல். அது களிமண் துகளைப் பிரித்துவிடும் சோடியத்தின் வேலை. இந்தச் சோதனைக்கு மழைத்தண்ணிதான் வேண்டும்; உப்புத்தண்ணியில் களிமண் துகள் கலையாமல் படிந்து கோளாறை மறைத்துவிடும்.

தண்ணி இறங்கும் வேகத்துக்கு 15 செ.மீ. உள்விட்டக் குழாயை 5 செ.மீ. ஆழம் அடித்து, 440 மி.லி. ஊற்றினால் அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று நனைக்க, இரண்டாவதுக்குத்தான் கடிகாரம். சுக்காங்கல் தட்டிக் குழாய் சாய்ந்தால் ஓரமாக ஒழுகும். பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பதே மேல்.

கார்பனில் ஏமாற்றுவதும் அதே சுக்காங்கல்தான். வினிகர் விட்டால் நுரைக்கிறதே, அந்தக் கார்பன் சுண்ணாம்பினுடையது, மக்கினுடையது அல்ல. ஆய்வகத்தில் 'கரிமக் கார்பன்' என்று சொல்லியே கேட்கணும். கணக்கு: சதவீதம் × மண் அடர்த்தி × ஆழம். 0.5 சதவீதம், கன செ.மீ.க்கு 1.5 கிராம், 15 செ.மீ. என்றால் எக்டேருக்கு 11.25 டன், ஏக்கருக்குச் சுமார் நாலரை. 2 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லின் எடையைக் கழிக்காவிட்டால் கார்பன் இருப்பு ஊதித் தெரியும். உழுத மறுநாள் அடர்த்தி எடுப்பதும் தப்பு, மண் உப்பியிருக்கும்.

நுண்ணுயிர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க 10 செ.மீ. சதுரக் காடாத்துணியை 5 செ.மீ. ஆழத்தில் எட்டு வாரம் புதைத்து, எவ்வளவு மக்கியது என்று பார்ப்பது. தோப்பில் சீக்கிரம் மக்குவது பெரும்பாலும் ஈரத்தால். மழைக்குப் பின் மூன்றும் ஒன்றாக நனைந்திருக்கும்போது புதைத்தால்தான் ஒப்பிட முடியும். கறையான் தின்றதை நுண்ணுயிர்க் கணக்கில் எழுதக்கூடாது: மக்கிய துணி கறைபட்டு நைந்திருக்கும், கறையான் பட்டதில் ஓரம் கத்தரித்தாற்போல், மண் அப்பியிருக்கும். கொறங்காட்டில் அஞ்சில் ரெண்டு அப்படித்தான் போச்சு. அடுத்த தடவை இடத்துக்குப் பத்துத் துணி.