நெட்ரன்னர் உள்ளே இறங்கினால் மற்றவர்கள் றோல்ஸ் வாங்கப் போகிறார்களா?

சைபர்பங்க் ரெட் என்ற, மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தில் வழமையாக நடப்பது இது: கணினிக்குள் புகுந்து களவெடுக்கும் நெட்ரன்னர் கண்ணாடியைப் போட்டு நெட்டுக்குள், அதாவது கணினி வலைக்குள், இறங்குவார், அவரும் ஆட்டத்தை நடத்துகிற ஜீஎம்மும் அரைமணித்தியாலம் தனியாகக் கதைப்பார்கள், மிச்சப் பெடியள் பிளேன்ரீயும் றோல்ஸும் தேடிப் போய்விடுவார்கள். விதியில் பிழையில்லை. நெட்டில் நடப்பதும் வெளியே நடக்கும் சண்டையும் ஒரே 3 செக்கன் சுற்றுக்குள்தான். அதைப் பிரித்துத் தனிக் காட்சியாக நடத்துவதுதான் பிழை.

முதலில் அக்சஸ் பொயின்ற், அதாவது நெட்டுக்குள் நுழையும் இடம். நெட்ரன்னர் அதிலிருந்து 6 மீற்றருக்குள் நிற்கவேண்டும். 2 மீற்றர் கட்டம் போட்ட வரைபடத்தில் 3 கட்டம். அதைப் பூட்டிய அறைக்குள் வைத்தால் காட்சி அங்கேயே செத்துப்போகும். ஆட்டம் நடக்கிற 2045இல் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் ஒரு மீன் குளிர்அறை என்று வையுங்கள்: காவலர்கள் வந்துபோகிற, மீன் இறக்குகிற மேடையிலேயே பொயின்ற். மற்றவர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. நெட்ரன்னரை யாராவது தரதரவென்று அந்த எல்லைக்கு வெளியே இழுத்தால், உள்ளே சந்தித்து அழிக்காமல் விட்ட பிளாக் ஐஸ் என்ற காவல் நிரல்கள் எல்லாம் ஒருதரம் கடித்துத்தான் விடும்.

நெட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கவேண்டிய தளங்களின் எண்ணிக்கையை 3 ஆறுமுகப் பகடையால் தீர்மானித்தால் சராசரி 10, 11 வரும். ஒரு பின்னேர ஆட்டத்துக்கு அது தாங்காது. தளத்துக்கு ஒன்றாக 5 அட்டை போதும், கவிழ்த்து வையுங்கள். உள்ளே நியோன் கோபுரங்கள் வேண்டியதில்லை. ஒரு நாற்சார் வீடு காட்டுங்கள். சங்கடப்படலை கடவுச்சொல். திண்ணையில் இருக்கிற பெட்டகம் காவல்முறைக் கோப்பு. முற்றத்துக் கண்ணாடி கமெராக்கள். நாலாவதில் வைரவரின் நாய், அதாவது ஹெல்ஹவுண்ட் என்ற பிளாக் ஐஸ். கிணற்றடித் துலா குளிர்அறைக் கதவு. துலா தாழ்ந்தால் வெளியே இரும்புக்கதவு உயரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வசனம், அதற்குமேல் வர்ணனை வேண்டாம்.

தாண்டவேண்டிய கடின எண் எல்லாவற்றுக்கும் 8. இன்டர்ஃபேஸ் என்ற நெட்ரன்னர் திறன் 4 உள்ளவருக்குச் சுற்றுக்கு 3 நெட் அக்சன், அதாவது நெட்டுக்குள் 3 செயல். அந்த 4ஐயும் கூட்டுவதால் பத்துமுகப் பகடையில் 5 அல்லது அதற்குமேல் விழவேண்டும், ஏனென்றால் சமன் வந்தால் வெற்றியில்லை. அது 60 வீதம். நாய் தவிர்ந்த நாலு தளத்துக்கு ஏறக்குறைய 7 முயற்சி, 2 அல்லது 3 சுற்று, நாய்க்கு இன்னொன்று. துப்பாக்கிச் சண்டையும் அந்தளவில்தான் முடியும். படலையிலேயே மூன்றுதரம் தோற்றால் என்ன செய்வது? வெறுமனே ‘திரும்ப உருட்டு’ என்றால் மேசை தூங்கிவிடும். ஒவ்வொரு தோல்விக்கும் மேடைக்கு ஒரு காவலர் வரட்டும். இது புத்தகத்தில் இல்லை, ஆனால் வேலை செய்யும்.

நாயிடம்தான் புதியவர்கள் மாட்டுப்படுவது. அதன் ரெஸ், அதாவது தாக்குப்பிடிக்கும் புள்ளி, 20. நெட்ரன்னரின் ஸாப் என்ற தாக்குதல் ஒரு அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடைச் சேதம். சராசரியாக 6 அடி பட்டால்தான் விழும், அதற்குள் நாய் இரண்டு மூன்றுதரம் கடித்திருக்கும். ஸ்லைட் என்ற தப்பும் செயலைப் போட்டு நழுவுவதே கெட்டித்தனம், ஆனால் சுற்றுக்கு ஒருதரம் மட்டும். கடித்தால் மூளைக்கு 2 ஆறுமுகப் பகடைச் சேதம்; கூடவே உடுப்பும் டெக் என்ற அவரது கருவியும் தீப்பிடிக்கும், அவர் ஆடும் ஒவ்வொரு முறை முடிவிலும் 2 உயிர்ப்புள்ளி குறையும். அணைக்க ஒரு மீற் அக்சன், அதாவது வெளியே உடம்பால் செய்யும் செயல், வேண்டும், அதைச் செய்தால் அந்த முறை நெட் அக்சன் மூன்றும் போய்விடும். ஆகவே, பக்கத்தில் நிற்பவர் தன் அக்சனைச் செலவழித்து மீன்பெட்டி ஐஸ்தண்ணியை அவர்மேல் ஊற்றலாமா என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள்.