திருவொற்றியூர் புல்லட்டில் பிரெட்ஃபோர்ட்டன் வரை

என் புல்லட்டுக்குப் புதுப் பாயிண்ட் (தீப்பொறி வரவழைக்க மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் சின்ன ஸ்விட்ச்) மாட்டி 3 வாரம் ஆகியும், வீட்டைச் சுற்றி ஓட்டியதைத் தவிர வண்டி வெளியே போகவில்லை. எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் குழுவின் ஜூன் ஓட்டம் வந்ததும், இதிலேயே சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் கிளம்பி ஆல்ஸ்டர், பிட்ஃபோர்டு வழியாக பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்திலுள்ள ஃப்ளீஸ் இன் என்ற பப் வரை, ஒரு வழி சுமார் 20 மைல்.

என்னுடையது 1980களில் திருவொற்றியூரில் செய்து, கப்பலேறி இங்கிலாந்து வந்த புல்லட் 350. கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குழு கூடிய ஹீவெல் சாலையில்தான் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருந்தது. இந்த எஞ்சின் பிறந்த ஊர் அது. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1955-இல் சென்னையில் தொடங்கிய உற்பத்தியோ நிற்கவே இல்லை. வண்டியை அங்கே ஸ்டாண்டில் போட்டபோது, பாட்டி வீடு கைமாறிப் போன பிறகு பேத்தி வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

மொத்தம் 14 வண்டிகள். எல்லாவற்றிலும் சின்னது ஒரு பிஎஸ்ஏ பேன்டம், வெறும் 123 சிசி. அதன் வேகமே எல்லோருக்கும் வேகம். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைவருக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று வழி காட்டுவார். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் மறுபடி வரிசையில் கலந்துகொள்வார். யாரும் வழி தவறவில்லை.

பிட்ஃபோர்டில் ஏவன் ஆற்றின் மேலுள்ள பழைய கல் பாலம் ரொம்பக் குறுகல். எதிரே வந்த கார்களுக்காகக் காத்திருந்தபோதே ஐட்லிங் தடுமாறியது. பாலம் தாண்டி ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம். கிளீவ் பிரையர் ஊருக்குள் எஞ்சின் நின்றேவிட்டது. கார்புரேட்டரில்தான் தூசி என்று நினைத்து அதைக் கழற்றப் போனேன். கடைசியாக வந்த பெரியவர் தன் வெலோசெட் வண்டியை நிறுத்திவிட்டு, “பாயிண்ட் புதியதா?” என்று மட்டும் கேட்டார்.

மூடியைத் திறந்து, பாயிண்ட் முழுதாக விரியும் இடத்துக்கு எஞ்சினைச் சுற்றி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டேன். வீட்டில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தது, இப்போது 0.25 தகடே சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. புதுப் பாயிண்டின் குதி, அதைத் தள்ளித் திறக்கும் சுழல் உருளையான கேம் மேல் உரசிப் படியும்போது முதல் சில மைல்களில் சீக்கிரம் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி தாமதமாகும், எஞ்சின் சூடேறி வலுவிழக்கும். கேமில் துளி கிரீஸ் வைக்காமல் விட்டது என் தவறு. மறுபடி 0.38 வைத்து, பெரியவர் கொடுத்த கிரீஸைத் தடவினேன். இரண்டே உதையில் பிடித்தது. அப்புறம் ஏற்றமெல்லாம் நான்காவது கியரிலேயே ஏறினேன்.

ஃப்ளீஸ் இன் 15-ஆம் நூற்றாண்டில் பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. 1848-இல் பப் ஆனது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருந்ததை, லோலா டாப்ளின் என்ற அம்மையார் 1977-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். கணப்புக்கு முன்னால் தரையில் வெள்ளை வட்டங்கள் போட்டிருக்கிறார்கள். புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்காமலிருக்கவாம். நம் வாசல் கோலம் நினைவுக்கு வந்தது. ஓட்டிப் போக வேண்டியவர்கள் என்பதால் பெரும்பாலோர் டீயும் இஞ்சி பியரும்தான் குடித்தார்கள். நான் ஈவ்ஷாம் பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த அஸ்பாரகஸ் தண்டுகளை வெண்ணெயில் புரட்டிச் சாப்பிட்டேன். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுச் செடி அது. ஜூன் கடைசியில் அறுவடை முடிந்துவிடும், அதனால் இன்னொரு தட்டும் வாங்கினேன்.

திரும்பும் வழியில் தொல்லை இல்லை. மறுநாள் காலை எஞ்சின் ஆறிய பிறகு அளந்தேன்: 0.36. தேய்மானம் கிட்டத்தட்ட நின்றிருக்கிறது. இன்னும் 100 மைல் ஓட்டிவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜும் சின்னக் கிரீஸ் டப்பாவும் இப்போது வண்டியின் டூல் பெட்டியிலேயே இருக்கின்றன.