சேலம் தண்ணீரில் ‘120’ அளவு ஃபிலிம் ரோல் கழுவிப் பார்த்த அனுபவம்

ஃபிலிம் கழுவும் குறிப்புகளில் எல்லாம் 20 டிகிரி என்றுதான் போட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையில் பட்டாலே சுடும். ராத்திரியிலும் அவ்வளவாக ஆறுவதில்லை. ஐஸைப் போட்டு டெவலப்பரை (படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல்) 20-க்கு இறக்கிவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அடுத்து வரும் ஹைப்போவும் (படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) அலசும் தண்ணீரும் 30-இல் இருந்தால், ஃபிலிம் மேல் பூசியிருக்கும், ஈரத்தில் ஊறிய ஜெலட்டினுக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது. அதனால் 20-ஐத் துரத்துவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 24-இல் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். இப்போது கிடைக்கிற நெகட்டிவ் எல்லாம் அந்த முடிவின் பலன்தான்.

கேமரா பழைய யாஷிகா மேட் 124ஜி. சதுரப் படம், ரோலுக்கு 12. ஃபிலிம் கறுப்பு வெள்ளை, இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். வெளிச்சம் அளக்கும் மீட்டர் செல்போனில்.

ஏற்காட்டில் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது மூடுபனி. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே மீட்டர் எடுத்துக்கொள்ளும். சேர்வராயன் கோயில் பக்கம் காலையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாமல் மூடியிருக்கும்போது அது சொல்கிறபடி எடுத்தால், பனி அழுக்கு வேட்டி மாதிரி வரும். ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கிக் கொடுக்கிறேன். மீட்டர் 1/125 விநாடி என்றால் நான் 1/60. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடியோடு, முன்னால் நிற்பது கறுப்பாகவும் பின்னால் போகப் போக வெளிறியும் அழகாகப் பிரிந்து விழுந்திருக்கின்றன. கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் குவியலுக்கும் இதே கணக்குதான்.

120-க்கு 35 மி.மீ. மாதிரி உலோக டப்பி கிடையாது. பின்னால் ஒட்டி வரும் காகிதம் ஒன்றுதான் காவல். எடுத்து முடித்ததும் தளர விடாமல் சுருட்டி, பட்டையின் பசையை நாக்கில் நனைத்து ஒட்டி, உடனே பைக்குள். வெயிலில் நின்று ரோல் மாற்றினால் ஓரத்தில் வெளிச்சம் ஏறிவிடும். நிழல் இல்லையென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மாற்றலாம்.

வீட்டில் பெரிய தலைவலி, கழுவும் டேங்குக்குள் போகும் சுருள் ரீலில் ஃபிலிமை இருட்டிலேயே ஏற்றுவது. இருட்டுப் பைக்குள் கைவிட்டால் சேலம் வெக்கைக்கு ஐந்து நிமிடத்தில் உள்ளே ஆவி கட்டிவிடும். வேர்வை பட்ட ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் பாதி போய் நின்றுகொள்ளும். அழுத்தித் தள்ளினால் மடிந்து, நெகட்டிவில் பிறை மாதிரி கறை விழும். அதனால் பையை ஓரம் கட்டியாயிற்று. ராத்திரி பாத்ரூம், கதவிடுக்கில் துண்டு, லைட் அணைத்துப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்த்தாலும் கை தெரியக் கூடாது. ஃபிலிமைக் காகிதத்தோடு சேர்க்கும் டேப்பை மெதுவாக உரித்து, வெட்டியெறியாமல் அதையே முனையின் மேல் மடித்து ஒட்டிவிடுகிறேன். முனை விறைப்பாகிவிடுவதால், டேப் பக்கமாக ஏற்றும்போது ரீல் மறுப்பே சொல்வதில்லை.

டெவலப்பர் ஐடி-11. கலக்காமல் அப்படியே ஊற்றினால் எச்பி5-க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24-இல் அது ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஊற்றி வடிப்பதற்கே நேரம் போய், படம் திட்டுத் திட்டாக வரும். சரிபாதி தண்ணீர் கலந்தால் 20-இல் 13 நிமிடம், 24-இல் சுமார் 9. இது கைக்கு அடக்கமான நேரம். கரைசலை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டியதுதான். பேட்டர்சன் டேங்கில் 120-க்கு அரை லிட்டர் தேவை, 250 மி.லி. டெவலப்பர், 250 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர்.

24-ஐப் பிடிக்க மண்பானை போதும். வறண்ட வெயிலில் பானைத் தண்ணீர் ஆவியாகியே நன்றாகக் குளிர்ந்திருக்கும். அதைப் பேசினில் ஊற்றி, மூன்று பாட்டிலையும் நிறுத்தி, இரண்டு மூன்று ஐஸ்கட்டி. அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். ஆனால் புழுக்கமான மழை நாட்களில் பானை கைகொடுக்காது. அப்போது முழுக்க ஐஸ்தான்.

ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம், ஏ.சி. அரிதான அந்தக் காலத்தில் இந்த வெயிலில் ஃபிலிமை எப்படிக் காப்பாற்றினார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்ப்பேட்டையில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் நெகட்டிவைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, “டெவலப் நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஹைப்போவ நல்லா அலசிரு, இல்லன்னா பின்னாடி மஞ்சளாயிரும்” என்றார். அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10, மறுபடி 20. இல்ஃபோர்டு சொல்கிற முறை இது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அருமையான ஏற்பாடு. கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். போர்த் தண்ணீர் காய்ந்தால் வானத்தில் உப்புப் பொட்டு நிற்கும்.

காய்ந்ததும் மூன்று மூன்று படமாக வெட்டி, நெகட்டிவ் உறையில் போடுகிறேன். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கேட்டு வாங்கவும். ஜெலட்டின் என்றால் பூஞ்சைக்கும் கரப்பானுக்கும் விருந்து. ஆகவே மூடி இறுகிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அதை பீரோவின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். பரண் மேல் வைத்தால் தளத்துச் சூடு இறங்கும்.

எடுக்காத ரோல்கள் ஃபிரிட்ஜில். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். உடனே பிரித்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஏற்காட்டுக்குக் கிளம்பும் நாளில் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடுகிறேன். எடுத்து முடித்த ரோலை அந்த வாரத்துக்குள் கழுவிவிடுவது நல்லது, அதுவும் மழைக்காலத்தில். ஈரம் குடித்த காகிதத்தின் எண்கள் படத்தின் மேலேயே பதிந்துவிடுவது உண்டு.