களியக்காவிளையில் சந்திக்கும் இரண்டு சீட்டுகள்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் மெடிக்கல் ஸ்டோரில் நிற்பவர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. நடுக்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் காட்டுவார்கள், தூக்கத்துக்கும் மனசுக்கும் நாகர்கோவிலில். ஒரு டாக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டும் முதன்முதலாகச் சந்திப்பது எங்கள் கவுண்டரில்தான்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குப் பார்க்கின்சன், அதாவது கை நடுங்கி உடல் இறுகும் நரம்பு நோய். அவர் மனைவி இரண்டு சீட்டையும் நீட்டி, "மக்களே, சட்டுன்னு எடு, பஸ் வந்துரும்" என்றார். ஒன்றில் பார்க்கின்சனுக்கான லெவோடோபாவும் ரசாஜிலினும், மற்றதில் புதிதாக ஃபுளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து. முதல் சீட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்கு போன் போட்டேன். ரசாஜிலினும் ஃபுளூவாக்ஸெட்டினும் சேர்ந்தால் சிலருக்கு மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் எகிறிவிடும்: காய்ச்சல், பதற்றம், தசை வெட்டி இழுப்பது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆபத்து. ஃபுளூவாக்ஸெட்டின் உடம்பைவிட்டு லேசில் போகாது. அதை நிறுத்தி 5 வாரமாவது கழித்துத்தான் ரசாஜிலின் தொடங்க வேண்டும். டாக்டருக்கு ரசாஜிலின் விஷயமே தெரியாது. "நடுக்கத்துக்கு உள்ளத இவருகிட்ட எதுக்குக் காட்டணும்?" என்று அந்த அம்மா சொல்லாமல் விட்டிருக்கிறார். மாற்றித் தருவதாக டாக்டர் சொன்னார். பஸ் போய்விட்டது, அந்தக் கோபம் எனக்குக் கிடைத்தது.

அதற்காக மனச்சோர்வு மருந்தே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சோர்வும் அந்த நோயின் ஒரு பகுதிதான். சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிடும். முகத்தசை இறுகிச் சிரிப்பே வராததால், எது சோர்வு, எது நோய் என்று வீட்டாருக்குப் பிடிபடாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகளும் பார்க்கின்சன் நோயாளிகளின் சோர்வைக் குறைத்தன. உடல் அசைவு மோசமாகவில்லை. சிலருக்கு நடுக்கம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. பயந்துபோய்த் தாங்களாகவே பட்டென்று நிறுத்துவார்கள். அப்புறம் தலைசுற்றல், எரிச்சல் என்று திரும்பி வருவார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து. பார்க்கின்சனில் மலச்சிக்கலும், எழுந்து நின்றால் பிரஷர் இறங்குவதும் ஏற்கெனவே இருக்கும். இந்த மருந்து இரண்டையும் கூட்டும். வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு, புத்தித் தடுமாற்றம் வேறு.

இப்போதெல்லாம் பழைய சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். "மருந்துதானே கேட்டேன், ஜாதகம் எதுக்கு?" என்றார் ஒருவர். பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.