லிங்க் இருக்கிறது, பிங் இல்லை
லினக்ஸ் ஓடும் புது போர்டில் ஈதர்நெட் லிங்க் வருகிறது, கெர்னல் லாகில் 1 ஜிபிபிஎஸ் என்றும் இருக்கிறது. ஆனால் ஒரு பிங் கூடப் போகவில்லை. சிப்பைத் திட்டும் முன் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன இருக்கிறது, எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஃபை-மோட் வரியைப் பாருங்கள்.

ப்ராசசர் பக்கம் பாக்கெட்டுகளைக் கையாளும் பகுதி மேக், கேபிளோடு பேசும் சிப் ஃபை, இரண்டையும் இணைக்கும் கம்பிகள் ஆர்ஜிஎம்ஐஐ. கிகாபிட்டில் ஆர்ஜிஎம்ஐஐ க்ளாக் 125 மெகாஹெர்ட்ஸ். ஏறும்போது நாலு பிட், இறங்கும்போது நாலு பிட். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 4 நானோசெகண்ட். க்ளாக்கை 2 நானோசெகண்ட் அளவுக்குத் தள்ளினால்தான் டேட்டா நிலையாக இருக்கும்போது எதிர்முனை படிக்கும். அந்தத் தாமதத்தை யார் தருவது? மேக்கா, ஃபையா, போர்டில் வளைத்து இழுத்த தடமா? யாரும் தராவிட்டாலும் கெட்டது, இருவர் தந்தாலும் கெட்டது. இரு திசைக்கும் ஃபையே தர வேண்டுமென்றால் ஃபை-மோட் வரியில் 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி'. லிங்க் பேச்சுவார்த்தை கேபிள் பக்கம் நடப்பதால் அது இந்தத் தாமதத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். க்ளாக் 25 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். அங்கே பிங் போனால் சந்தேகம் தாமதத்தின் மேல்தான்.

சரி, டிவைஸ் ட்ரீ சரியாகவே இருக்கிறது, ட்ரைவர்தான் அந்த மோடை மதிக்கவில்லை என்றால்? பேட்ச் எழுதி லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பலாம். ஆனால் ட்ரைவரைத் திருத்தினால், தவறான மோடோடு தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த பழைய போர்டுகள் படுத்துவிடும். ரிவ்யூவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, அது நியாயமும்கூட. பேட்சோடு போகும் கமிட் செய்தியில் பதிலை முன்பே எழுதிவிடுங்கள். கெர்னலின் நெட்வொர்க் பகுதிக்கு இரண்டு மரங்கள் (சோர்ஸ் கோட் தொகுப்புகள்): பிழைத் திருத்தம் 'நெட்' மரத்துக்கு, புது வசதி 'நெட்-நெக்ஸ்ட்'டுக்கு. மெர்ஜ் விண்டோ (அடுத்த கெர்னலுக்கான புது மாற்றங்கள் முதன்மை மரத்தில் சேரும் காலம்) திறந்திருக்கும் இரண்டு வாரமும் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும், அப்போது அதற்கு அனுப்பாதீர்கள்.