அந்த 12 டிசம்பர் இல்லை

"எரர் வருது, பாருங்க" என்று மட்டும் எழுதி டிக்கெட் (உதவி கேட்டு வரும் புகார்) வந்தால் நான் முதலில் கேட்பது மெசேஜ் நம்பரைத்தான். நிறுவனங்கள் சரக்கையும் கணக்கையும் பதிவு செய்யும் எஸ்ஏபி மென்பொருளில் திரையின் அடியில் சிவப்பாக வரும் வரியைக் கிளிக் செய்தால் விளக்கம் திறக்கும், அதில் எம்7 053 என்பது போல ஒரு எண் இருக்கும். எம்7 என்றால் சரக்கு பக்கம், எஃப்5 என்றால் கணக்கு பக்கம். அது இல்லாமல் நான் குத்துமதிப்பாகத்தான் தேட வேண்டியிருக்கும்.

2025 ஏப்ரல் 1, காலையிலேயே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸிலிருந்து போன். "தம்பி, சிஸ்டம் டிசம்பர்லயே நிக்குது. கேட்டுல ரெண்டு லாரி காத்திருக்கு, ஜிஆர்என் போட முடியல."

ஜிஆர்என் என்றால் சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எம்7 053. 2024/12, 2024/11 பீரியடுகளில் (கணக்கு மாதங்களில்) மட்டும்தான் போஸ்டிங் (பதிவு) செய்யலாம் என்று இருந்தது. யார் படித்தாலும் டிசம்பர், நவம்பர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அவர் மேல் தப்பே இல்லை. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அதற்கேற்ப அமைத்த சிஸ்டத்தில் ஏப்ரல்தான் 1, மார்ச்தான் 12, ஆண்டையும் அது தொடங்கிய வருடத்தை வைத்தே குறிப்பார்கள், ஆக 2025 மார்ச் அங்கே 2024/12 ஆகிவிடுகிறது. மாதம் பிறந்ததும் எம்எம்பிவி என்ற கட்டளையை ஓட்டி சரக்கு பக்கத்தின் பீரியடை நகர்த்த வேண்டும். இரவில் தானாக ஓட வேண்டிய அந்த ஜாப் அன்று ஓடவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "இங்க ஒரு பையன் போஸ்டிங் டேட்டை 31.03-ன்னு மாத்தினா ஏத்துக்கும்ங்கிறான், போட்டுடவா?" என்றார். எனக்குப் பக்கென்றது. ஏற்றுக்கொள்ளத்தான் செய்யும், மார்ச் திறந்துதானே இருக்கிறது! ஆனால் ஏப்ரல் 1 அன்று கேட்டுக்கு வந்த சரக்கு போன வருட இறுதி இருப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆடிட்டர் கேட் ரிஜிஸ்டரையும் ஜிஆர்என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மனிதர்தான். எரர் மறைந்தால் போதும் என்று செய்யும் இந்த மாதிரி வேலைகள்தான் எனக்கு எரரைவிடப் பெரிய பயம். "வேண்டாம் அண்ணே, அரை மணி நேரம் கொடுங்க" என்று கெஞ்சிக் கேட்டேன்.

எம்எம்பிவி ஓட்டியாயிற்று. மறுபடி போட்டுப் பார்த்தார், இப்போது வேறு மெசேஜ். ஆனால் இந்த முறை நான் கேட்காமலே எண்ணைச் சொன்னார்: எஃப்5 201. கணக்குப் பிரிவில் புது வருடத்தின் முதல் பீரியடை ஓபி52 என்ற திரையில் இன்னும் திறக்கவில்லை. அவர்களுக்கு ஒரு போன், திறந்தார்கள், ஜிஆர்என் விழுந்தது, லாரிகள் உள்ளே போயின.

அப்புறம் அனுமதி இல்லை என்று வரும் மெசேஜுக்கு ஒரு வார்த்தை. அது வந்த கையோடு, வேறு எதையும் தொடாமல் எஸ்யு53 என்ற கட்டளையை அடித்து அந்தத் திரையை அனுப்பிவிடுங்கள். எந்த அனுமதியில் தடுக்கிறது என்று அதில் இருக்கும். சாப்பிட்டு வந்து, வேறு நாலு வேலை பார்த்துவிட்டு எடுத்தால் கடைசியாகத் தடுத்த வேறு ஏதோ ஒன்று வந்து நிற்கும், நாங்கள் தேவையில்லாத அனுமதியைத் தேடிக்கொண்டிருப்போம்.

போன மாதம் அந்த ஸ்டோர்ஸுக்கு நேரில் போயிருந்தேன். அண்ணன் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார், பேனாவால் எழுதியது: ஏப்ரல் 1, மே 2 என்று தொடங்கி மார்ச் 12 வரைக்கும்.