தீபாவளி பலகாரமும் நம்ம வெயிட்டும்

தீபாவளி அன்னிக்கு விடியகாலைல எண்ணெய் தேய்ச்சு குளிச்சு லேகியத்த வாயில போட்டதுமே ஆரம்பிச்சுடும், அதிரசம், முறுக்கு, மைசூர்பாக்னு தட்டு வந்துட்டே இருக்கும், பக்கத்து வீட்ல இருந்து வேற டப்பா வரும். வெயிட் குறைக்கிறவங்களுக்கு இதுதான் ரொம்ப கஷ்டமான வாரம். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, நெய்க்கு கிட்டத்தட்ட 9, மைசூர்பாக்ல ரெண்டுமே ஏராளம். சேர்த்துக்குற சர்க்கரை ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிடுச்சு, அதாவது 6 டீஸ்பூன்தான்!

அதுக்காக முழுசா வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராது, அம்மா ராத்திரி முழுக்க அடுப்படில நின்னு சுட்டது அது. அதனால அம்மாவோட அதிரசம் மட்டும் எடுத்துக்குவேன், கடை ஸ்வீட் பாக்ஸ் பக்கம் போறதில்ல, அது எப்ப வேணா கிடைக்கும். முதல்ல இட்லி சாப்ட்டு வயிறு நிறையணும், அப்புறம்தான் ஸ்வீட், வெறும் வயித்துல ஆரம்பிச்சா கை நிக்கவே நிக்காது. முறுக்கு டப்பாவ டிவி பக்கத்துல வைக்காதீங்க, தயவுசெஞ்சு பரண்ல ஏத்திடுங்க. அத்தை இன்னும் ஒன்னே ஒன்னுன்னு நீட்டினா, கட்டி குடுங்க அத்தை நாளைக்கு சாப்பிடுறேன்னு சொல்லுவேன், அவங்களுக்கும் சந்தோஷம்.